ரஃபா பெனிட்டஸ் செல்சிக்கு வந்தபோது: ரசிகர்களின் எதிர்ப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2012 நவம்பர் 21 அன்று லண்டனின் செல்சி கால்பந்துக் கழகம், லிவர்பூலின் முன்னாள் மேலாளர் ரஃபா பெனிட்டஸை மேலாளராக நியமித்தது. பருவம் முடிந்தபோது அணி இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் மூன்றாம் இடத்தில் இருந்தது. ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் கோப்பையும் கையில் இருந்தது. அப்படியிருந்தும் அந்த ஆறு மாதங்களில் அவருக்கு எதிரான குரல் சொந்த மைதானத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. பின்னாளில் ஆட்டம் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் செல்சி ரசிகன். அந்த ஆறு மாதங்களையும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து கடந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

முதலில், என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2012 மார்ச் மாதம் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் நீக்கப்பட்டதும், அவருக்குத் துணையாக இருந்த ராபர்டோ டி மட்டேயோ தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். மே 5 அன்று லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பையையும், மே 19 அன்று மியூனிக் நகரில் பயர்ன் மியூனிக்கை அதன் சொந்த மைதானத்திலேயே பெனால்டி உதைகளில் வென்று ஐரோப்பியக் கழகங்களின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் கோப்பையையும் அணி கைப்பற்றியது. செல்சிக்கு மட்டுமல்ல, லண்டன் நகரத்துக்கே அதுதான் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. ஜூனில் டி மட்டேயோவுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது.

நவம்பர் 20 அன்று தூரின் நகரில் யுவென்டஸிடம் செல்சி 3-0 எனத் தோற்றது. மறுநாளே டி மட்டேயோ நீக்கப்பட்டார். அதே நாளில் பெனிட்டஸ் அந்த இடத்துக்கு வந்தார். ரோமன் அப்ரமோவிச் 2003இல் கழகத்தை வாங்கிய பின் அவரிடம் பணியாற்றிய ஒன்பதாவது மேலாளர் பெனிட்டஸ்.

மேலாளரும் பயிற்சியாளரும் ஒரே ஆள்தானா?

இங்கிலாந்தில் பெரும்பாலும் ஒருவர்தான். யார் ஆடுவது, எப்படி ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பவர் அவர். ஆட்டம் முடிந்ததும் கழகத்தின் சார்பில் பேசுபவரும் அவரே. வீரர்களை வாங்குவதில் முன்பு மேலாளருக்கு இருந்த அதிகாரம் இப்போது பல கழகங்களில் குறைந்திருக்கிறது. ஆனால் ரசிகர்களின் கண்ணில் கழகத்தின் முகம் இன்னும் அவர்தான்.

டி மட்டேயோ நீக்கப்பட்டதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்? அணி தோற்றுக்கொண்டுதானே இருந்தது?

தோல்விகள் இருந்தன என்பது உண்மை. சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றிலேயே வெளியேறும் நிலை வந்திருந்தது. நடப்புச் சாம்பியன் ஒருவர் குழுச் சுற்றோடு வெளியேறுவது அந்தப் போட்டியின் வரலாற்றில் முதல் முறை. ஆனால் லீக்கில் 12 ஆட்டங்கள் முடிந்திருந்தபோது அணி மூன்றாம் இடத்தில்தான் இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையைக் கொண்டுவந்தவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் நிற்க இடமில்லையா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. டி மட்டேயோ வெளியிலிருந்து வந்தவர் அல்ல. 1996 முதல் 2002 வரை செல்சிக்கு ஆடியவர். 1997 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், மிடில்ஸ்பரோவுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் தொலைவிலிருந்து அவர் உதைத்த பந்து மேல் கம்பத்தின் அடியை உரசிக்கொண்டு வலைக்குள் விழுந்தது. 2000ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான ஒரே கோலும் அவருடையது. அதே ஆண்டில் கால் முறிந்து, மீள முடியாமல், 31 வயதில் ஓய்வு பெற்றார். வீட்டுப் பிள்ளை என்று நாம் சொல்வோமே, அந்த இடம் அவருக்கு ரசிகர்களிடம் இருந்தது.

பெனிட்டஸ் மீது என்ன கோபம்? லிவர்பூலில் இருந்தார் என்பதற்காக மட்டும்தானா?

லிவர்பூலில் இருந்தார் என்பதைவிட, எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பதே முக்கியம். 2004 முதல் 2010 வரை அவர் அங்கே மேலாளராக இருந்த காலத்தில் இரு அணிகளும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மூன்று முறை மோதின. 2005இல் லூயிஸ் கார்சியாவின் ஒரே கோலில் லிவர்பூல் இறுதிக்குப் போனது. பந்து கோட்டைக் கடந்ததா, அதற்கு முன்பே செல்சியின் தடுப்பாட்டக்காரர் காலாஸ் வெளியே தட்டிவிட்டாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அன்றைய செல்சி மேலாளர் ஜோஸே மொரினியோ அதற்குப் ‘பேய் கோல்’ என்று பெயர் வைத்தார். 2007இல் மீண்டும் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில், பெனால்டி உதைகளில் தோல்வி. 2008இல்தான் செல்சி பழி தீர்த்துக்கொண்டது. அந்த ஆட்டத்துக்கு முன் செல்சியின் முன்கள வீரர் டிடியே ட்ரோக்பா வேண்டுமென்றே விழுந்து நடிக்கிறார் என்று பெனிட்டஸ் குற்றம்சாட்டியிருந்தார். ட்ரோக்பா கோல் அடித்ததும் பெனிட்டஸ் நின்ற பக்கமாகவே ஓடிப்போய்க் கொண்டாடினார்.

இத்தனை ஆண்டுகள் எதிர்ப்பக்க மேலாளர் இருக்கையில் பார்த்துப் பழகிய முகம், ஒரே நாளில் நம் பக்க இருக்கையில் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதுவும் வீட்டுப் பிள்ளையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில்.

அந்தக் கொடி விவகாரம் என்ன?

செல்சி மைதானத்தில் பெரிய ஆட்டங்களுக்கு முன் இருக்கைகளில் சிறு நெகிழிக் கொடிகளை வைத்து ரசிகர்களை ஆட்டச் செய்வது வழக்கமாக இருந்தது. 2007 அரையிறுதியின்போது பெனிட்டஸ் இதைக் குறிப்பிட்டு, எங்கள் ரசிகர்களுக்கு நாங்கள் கொடி கொடுக்கத் தேவையில்லை என்ற பொருளில் பேசினார்.

ஒரு மேலாளர் தன் ரசிகர்களைத் தூக்கிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் இது எதிரணி வீரர்களையோ மேலாளரையோ தாக்கவில்லை. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களையே தாக்கியது. உங்கள் ஆரவாரம் காசுக்கு வாங்கியது என்று சொன்னதாகவே அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே மைதானத்துக்கு அவர் மேலாளராக வந்தபோது, அந்தச் சொற்களை யாரும் மறந்திருக்கவில்லை.

செல்சிக்கு ஒருநாளும் போகமாட்டேன் என்று அவரே சொன்னார் என்கிறார்களே?

அப்படி ஒரு வாசகம் அவர் பெயரில் பரவலாகச் சுற்றியது, பதாகைகளிலும் ஏறியது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். எனவே அதை வைத்து அவரைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. கொடி பற்றிய பேச்சே போதுமான அளவு புண்படுத்தியிருந்தது.

முதல் ஆட்டத்தில் அப்படி என்ன நடந்தது?

2012 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானம், எதிரணி மான்செஸ்டர் சிட்டி. சுரங்கப் பாதையிலிருந்து பெனிட்டஸ் வெளியே வந்ததும் நாலாபுறமிருந்தும் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. எதிரணி ரசிகர்கள் ஒரு மூலையிலிருந்து எழுப்பும் கூச்சல் காதுக்குப் பழகியது. இது அப்படி இல்லை. சொந்த அணியின் நீலச் சட்டை அணிந்தவர்கள் எழுந்து நின்று, சொந்த மேலாளரைப் பார்த்துக் கத்தினார்கள். வேண்டாம் என்று எழுதிய அட்டைகள் பல கைகளில் உயர்ந்தன.

அதே நாளில்தான் செல்சியின் பழைய மேலாளர் டேவ் செக்ஸ்டன் காலமானார். 1970இல் எஃப்.ஏ. கோப்பையையும் 1971இல் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையையும் கொண்டுவந்தவர் அவர். ஆட்டத்துக்கு முன் அவர் நினைவாக மைதானமே கைதட்டியது. கூச்சலிட்ட அதே மக்கள், சில நிமிட இடைவெளியில், நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு மேலாளருக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். இவர்களுக்கு மேலாளர்களை மதிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், நான் இந்தக் காட்சியைத்தான் நினைவூட்டுவேன். ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது.

16ஆவது நிமிடத்தில் ஏன் கைதட்டினார்கள்?

டி மட்டேயோ ஆடிய காலத்தில் அவருடைய சட்டை எண் 16. கடிகாரம் 16ஆம் நிமிடத்தைத் தொட்டதும் ரசிகர்கள் கைதட்டி, அவர் பெயரைப் பாடினார்கள். அடுத்து வந்த ஆட்டங்களிலும் இது தொடர்ந்தது. இருக்கும் மேலாளரைத் திட்டுவதைவிட, போனவரை நன்றியோடு நினைப்பது கண்ணியமான எதிர்ப்பு என்பது என் எண்ணம். களத்தில் இருக்கும் வீரர்களையும் அது குலைப்பதில்லை. அந்த ஆறு மாதங்களில் ரசிகர்கள் செய்தவற்றில் எனக்கு முழு உடன்பாடு இருந்தது இந்த ஒன்றில்தான்.

நீக்கியது உரிமையாளர்தானே? வந்தவரை ஏன் திட்ட வேண்டும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. நேர்மையாகச் சொன்னால், அந்தக் கூச்சலில் பாதி உரிமையாளருக்குப் போய்ச் சேர வேண்டியது. ஆனால் அப்ரமோவிச்சின் பணம் வந்த பிறகுதான் 2005, 2006, 2010 ஆண்டுகளில் லீக் பட்டங்கள் வந்தன. மியூனிக் இரவும் வந்தது. அதற்கு முன் செல்சி லீக் பட்டம் வென்றது 1955இல் ஒரே ஒரு முறை. ஐம்பது ஆண்டு காத்திருந்தவர்களுக்கு, அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தவரை நேருக்கு நேர் எதிர்ப்பது எளிதல்ல. ஆகவே கோபம் கைக்கு எட்டிய ஆளின் மேல் இறங்கியது.

அதற்காக அவர்களை உரிமையாளருக்கு அஞ்சியவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தின் நிலம், செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற, ரசிகர்களே பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2011 அக்டோபரில் கழகம் அந்த நிலத்தைத் திரும்ப வாங்க முயன்றபோது 75 விழுக்காடு ஆதரவு வேண்டியிருந்தது; கிடைத்தது 61.6 விழுக்காடு மட்டுமே. உரிமையாளரின் திட்டம் விழுந்தது. வாக்குச் சீட்டு கையில் இருந்த இடத்தில் போதிய எண்ணிக்கையில் அவர்கள் மறுத்துக் காட்டினார்கள்.

மேலாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கு வாக்கு கிடையாது. குரல் மட்டும்தான் உண்டு. பெனிட்டஸின் திறமையை அந்தக் குரல் மறுத்ததாக நான் நினைக்கவில்லை. இந்தக் கழகம் எங்களுக்கும் உரியது, எங்கள் நினைவுகளுக்கு மதிப்பில்லாதது போல இந்த நியமனத்தைச் செய்துவிட்டீர்கள் என்பதே அதன் பொருள்.

‘இடைக்கால’ மேலாளர் என்ற பட்டத்தில் என்ன குறை? ஹிட்டிங்கும் அப்படித்தானே வந்தார்?

ஆம், 2009 பிப்ரவரியில் ஹூஸ் ஹிட்டிங் அப்படித்தான் வந்தார். ஆனால் அவர் அப்போது ரஷ்ய தேசிய அணியின் பயிற்சியாளர். பருவம் முடிந்ததும் திரும்பிப் போவார் என்பது அனைவருக்கும் தெரியும். செல்சியோடு அவருக்குப் பழைய பகையும் இல்லை. எஃப்.ஏ. கோப்பையை வென்று கொடுத்தார். போகவேண்டாம் என்று ரசிகர்கள் பாடினார்கள்.

பெனிட்டஸுக்கோ வேறு வேலை கைவசம் இல்லை. முழுநேர மேலாளராக நியமிக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொண்டு, நெற்றியில் ‘இடைக்காலம்’ என்று எழுதி அனுப்பியது கழகம். கழகத்துக்கே இவர் மேல் நம்பிக்கை இல்லை, இன்னும் கொஞ்சம் கத்தினால் போய்விடுவார் என்ற எண்ணத்தை அந்தச் சொல் ரசிகர்களுக்குக் கொடுத்தது. இந்த நியமனத்தில் கழகம் செய்த மிகப் பெரிய பிழை அதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிப்ரவரியில் பெனிட்டஸ் பொறுமை இழந்து பேசினாரே, அது நியாயமா?

2013 பிப்ரவரி 27 அன்று எஃப்.ஏ. கோப்பையில் மிடில்ஸ்பரோவை 2-0 என வென்ற பிறகு நடந்தது அது. இடைக்கால மேலாளர் என்று பட்டம் கொடுத்தது மாபெரும் தவறு என்றும், ரசிகர்கள் பாட்டுப் பாடுவதிலும் பதாகை எழுதுவதிலும் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்றும், பருவம் முடிந்ததும் போய்விடுவேன் என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

பட்டத்தைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. முந்தைய பதிலில் நானே அதைத்தான் எழுதியிருக்கிறேன். ரசிகர்களைப் பற்றிச் சொன்னது வேறு. கொடி விவகாரத்தில் புண்பட்டவர்களிடம் உங்கள் பாட்டும் பதாகையும் வீண் என்று சொன்னது, ஆறிக்கொண்டிருந்த காயத்தை மீண்டும் கீறிவிட்டது. மனிதராக அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. மேலாளராக அவர் அதை விழுங்கியிருக்கலாம்.

டோரஸை மீட்டெடுக்கத்தான் இவரைக் கொண்டுவந்தார்கள் என்பது உண்மையா?

அன்று பலரும் அப்படித்தான் கருதினார்கள். முன்கள வீரர் ஃபெர்னாண்டோ டோரஸ் லிவர்பூலில் பெனிட்டஸின்கீழ் கோல்களைக் குவித்தவர். 2011 ஜனவரியில் 5 கோடி பவுண்டுக்குச் செல்சிக்கு வந்த பின் தடுமாறினார். தூரின் ஆட்டத்தில் டி மட்டேயோ அவரைத் தொடக்க அணியில் சேர்க்காமல் உட்கார வைத்ததும், மறுநாள் வேலை போனதும் அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்தன. அந்தப் பருவத்தில் டோரஸ் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 22 கோல்கள் அடித்தார். லீக்கில் அவற்றில் எட்டுதான்.

ரசிகர்கள் கத்தியதால்தான் அணி தடுமாறியது என்று சொல்லலாமா?

முடிவுகளைப் பார்த்தால் அப்படி நேர்கோடு போட முடியாது. டிசம்பர் 1 அன்று வெஸ்ட் ஹாமிடம் 3-1 தோல்வி, டிசம்பர் 16 அன்று யோகோஹாமாவில் நடந்த கழக உலகக் கோப்பை இறுதியில் கொரிந்தியன்ஸிடம் 1-0 தோல்வி. ஆனால் ஒரே வாரத்தில் சொந்த மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 8-0 வெற்றி. எதிர்ப்பு இருந்த அதே மைதானத்தில்தான் அந்த எட்டு கோல்களும் விழுந்தன.

அந்தப் பருவத்தில் செல்சி மொத்தம் 69 போட்டிகள் ஆடியது என்பதையும் மறக்கக் கூடாது. வீரர்களின் கால்கள் எவ்வளவு களைத்திருக்கும்! பெனிட்டஸ் வீரர்களைச் சுழற்சி முறையில் இறக்கியதை அன்று நானும் குறை சொன்னேன். இத்தனை போட்டிகளைக் கடந்தும் மே மாதத்தில் அணி நின்று ஆடியதற்கு அதுவே காரணம் என்று இப்போது உணர்கிறேன்.

கோப்பை வென்ற பிறகாவது மனம் மாறினார்களா?

2013 மே 15 அன்று ஆம்ஸ்டர்டாமில் பென்ஃபிகாவுக்கு எதிராக யூரோப்பா லீக் இறுதியாட்டம். டோரஸ் முதல் கோலை அடித்தார். பென்ஃபிகா பெனால்டியில் சமன் செய்தது. 90 நிமிடம் முடிந்து, ஆட்டம் நின்றதற்காகச் சேர்க்கப்பட்ட நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் யுவான் மாட்டா கொடுத்த மூலை உதையை பிரானிஸ்லாவ் இவானோவிச் பின்னோக்கிச் சாய்ந்து தலையால் முட்டி வெற்றிக் கோலாக்கினார். எதிர்ப்பின் கடுமை தணிந்ததே தவிர, அன்பு பிறக்கவில்லை. மொரினியோ திரும்பி வரப்போகிறார் என்ற பேச்சு அப்போதே எங்கும் நிறைந்திருந்தது; ஜூனில் அவர் வந்தும்விட்டார்.

பெனிட்டஸின் பெயரை அந்தப் பருவத்தில் உள்ளன்போடு பாடிய மைதானம் ஒன்று உண்டு. ஏப்ரல் 21 அன்று செல்சியோடு ஆன்ஃபீல்டுக்குப் போனபோது அவரை வரவேற்றவர்கள் லிவர்பூல் ரசிகர்கள். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். செல்சி ரசிகர்களுக்கோ, தாங்கள் நினைத்தது சரியே என்பதற்கான சான்றாகத் தோன்றியது.

வேறு கழகங்களில் இப்படி நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது. ஆர்சனலுக்கு 1989, 1991 லீக் பட்டங்களை வென்று தந்த ஜார்ஜ் கிரகாம், 1998இல் பரம எதிரியான டாட்டன்ஹாமுக்கு மேலாளராகப் போனார். ஒரே பருவத்தில் லீக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். இருந்தும் அவர் பெயரைச் சொல்லிப் பாட அங்குள்ள பல ரசிகர்களுக்கு மனம் வரவில்லை. பெனிட்டஸே 2021இல் லிவர்பூலின் ஊர்ப் போட்டியாளரான எவர்ட்டனுக்குப் போனார். லிவர்பூலில் இருந்தபோது எவர்ட்டனைச் ‘சிறிய கழகம்’ என்று சொன்னவர் அவர். அவர் குடும்பம் வசித்த பகுதியில் மிரட்டும் பதாகை கட்டும் அளவுக்கு எதிர்ப்பு போனது. மைதானத்தில் கத்துவது ரசிகரின் உரிமை. ஒருவர் வீட்டுப் பக்கம் போய் மிரட்டுவது குற்றம். அங்கே அவர் ஏழு மாதம்கூட நீடிக்கவில்லை.

பழைய பகை ஏதும் இல்லாத புதியவர் வந்தால் ரசிகர்கள் எளிதாக ஏற்றுக்கொள்வார்களா?

அதற்கும் உறுதி இல்லை. 1996இல் ஜப்பானின் நகோயா அணியிலிருந்து ஆர்சென் வெங்கர் ஆர்சனலுக்கு வந்தபோது, யார் இவர் என்றுதான் லண்டன் கேட்டது. 1998இல் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றதும் அந்தக் கேள்வி மறைந்தது. அறியாமையால் வரும் ஐயத்தை வெற்றிகள் தீர்த்துவிடும். புண்பட்ட நினைவை அவை தீர்ப்பதில்லை.

முன்னவர் எப்படி விடைபெறுகிறார் என்பதும் பெரிதும் உதவும். 2024 மே 19 அன்று ஆன்ஃபீல்டில் லிவர்பூல் மேலாளர் யூர்கன் க்ளாப் தன் பிரியாவிடையின்போது, அடுத்து வரவிருந்த ஆர்னே ஸ்லாட்டின் பெயரைத் தானே பாடி, கூட்டத்தையும் பாட வைத்தார். மறுபக்கம், 2013இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசனும் புதிய மேலாளருக்குத் துணை நில்லுங்கள் என்றுதான் அதன் மைதானமான ஓல்டு ட்ராஃபோர்டில் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸ் பத்து மாதத்தில் நீக்கப்பட்டார். நல்வரவு கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவே. டி மட்டேயோவுக்கோ விடைபெறும் வாய்ப்பே தரப்படவில்லை.

கடைசியாக, ரசிகர்கள் செய்தது சரியா தவறா என்று சொல்லுங்கள்.

முதல் நாள் எதிர்ப்பு சரி. அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேறு வழி இருக்கவில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அணி கோப்பைக்காக ஓடிக்கொண்டிருந்தபோது அதே கூச்சலை நீட்டித்தது தவறு. பெனிட்டஸ் தன் வேலையைச் செய்தார். அதற்கு உரிய கைதட்டல் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை ஏற்க என் செல்சி நண்பர்கள் சிலர் இன்றும் மறுக்கிறார்கள்.

டி மட்டேயோ பிறகு என்ன ஆனார்?

2014 அக்டோபரில் ஜெர்மனியின் ஷால்கே அணிக்கு மேலாளரானார். சாம்பியன்ஸ் லீக்கில் ஷால்கே இருந்த அதே குழுவில் செல்சியும் இருந்தது. நவம்பர் 25 அன்று, பெனிட்டஸின் முதல் ஆட்டம் நடந்து சரியாக இரண்டு ஆண்டு கழித்து, மொரினியோவின் செல்சி கெல்சன்கிர்ஷனில் 5-0 என வென்றது. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 1.15 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் அது. நான்காவது கோலை அடித்தவர், மியூனிக்கில் டி மட்டேயோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ட்ரோக்பா. நான் கைதட்டினேன், ஆனால் ஒளிபரப்பில் டி மட்டேயோவின் முகம் வந்தபோதெல்லாம் திரையிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டேன்.